நாலு விரற்கடை

“குதிகால் ரெண்டும் தரையில முழுசாப் படணும். அப்படிப் படற வண்டி எதுவோ அத வாங்குங்க. நான் வாயத் திறக்காம பின்னால ஏறி உக்காந்துக்கறேன்.”

இதைச் சொன்னபோது அவள் ஒரு பூட்ஸின் மேல்தோலுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்.

எதிர் மேசையில் அவள் புருஷன் கத்தியைக் கீழே வைத்தார்.

“நெஜமாவா சொல்றே?”

“நான் எப்ப பேச்சு மாறியிருக்கேன்?”

“கல்யாணத்துக்கு முன்னால, உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே எனக்கும் இருக்குன்னு சொன்னே.”

“அது எங்கம்மா சொன்னது.”

முப்பத்தொரு வருஷமாக எதிரெதிர் மேசை அவர்களுக்கு. ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு அந்தக் காலின் செருப்பை மட்டும் உயர்த்திச் செய்து கொடுப்பதுதான் கடையின் தொழில். மேல்பாகம் அவள் தையல், அடிப்பாகம் அவர் வேலை. தக்கையையும் ரப்பரையும் அடுக்கடுக்காக ஒட்டி, சாணையில் தேய்த்து, மேலே தோல் போர்த்திவிடுவார். அதைப் போட்டு நடக்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அவரே ஆள் குள்ளம். தெருவில் அவருக்கு அரையடி என்று பேர். தொழிலுக்காக வைத்த பேரா, உயரத்துக்காக வைத்த பேரா என்று யாராவது கேட்டால், “ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு, சிக்கனம்” என்பார்.

அவர் மேசைக்கு மேலே சுவரில், கால் அளவு வரைகிற பழுப்புக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் மூன்று மோட்டார் சைக்கிள்கள். கம்பெனிப் பேர் எழுதவில்லை, நிறம்தான். சிவப்பு, சாம்பல், மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் நேரே எடை, டேங்க் எத்தனை லிட்டர், முன் சக்கரம் எத்தனை பெரிது, தரைக்கும் எஞ்சினுக்கும் எவ்வளவு இடைவெளி, கடைசியில் சீட்டின் உயரம். தார் ரோட்டில் நாளெல்லாம் ஓடும், இரண்டு பக்கமும் பெட்டி கட்டலாம், கல்லிலும் மண்ணிலும் இறங்கினாலும் சளைக்காது என்கிற ரகம் மூன்றும்.

மகள் மலைக்கு அந்தப் பக்கம் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தாள். போய் இரண்டு வருஷமாகிறது, அவள் இருக்கிற வீட்டை இவர்கள் இன்னும் பார்க்கவில்லை. கணவாய் வரைக்கும் நல்ல ரோடு. அதற்கப்புறம் நாற்பது கிலோமீட்டர் வெறும் கல்லும் சரளையும்.

“ஜீப் வருதுப்பா. அதுல வாங்க,” என்று போனில் மகள் எத்தனையோ தடவை சொன்னாள்.

“ஜீப்புல வந்தா யாரோ கொண்டுவந்து எறக்கின மாதிரி இருக்கும். வண்டியில வந்தா நாங்க வந்த மாதிரி இருக்கும்.”

“நாங்கன்னா? அம்மாவக் கேட்டீங்களா?”

கேட்டார். அதற்குத்தான் அவள் அந்தப் பதிலைச் சொன்னாள்.

அவளுக்குப் பயம். வண்டியைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், அந்தக் காகிதம் ஒன்றே போதும். எடை என்று எழுதி இருநூற்று ஐம்பது கிலோ என்று போட்டிருந்த வரியை அவள் கண் தானாகவே தாண்டிப் போய்விடும். இந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் பிறவியில் குட்டையானதில்லை. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு திருப்பம், ஏதோ ஒரு வண்டி. “நல்லாத்தான் போயிட்டிருந்தேன்” என்றுதான் எல்லாருமே ஆரம்பிப்பார்கள். அந்தக் கதைகளைக் காதில் வாங்கிக்கொண்டே தைத்தவள் அவள்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தனக்கென்று ஒன்றை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் கணக்குப் போட்டாள். அவருடைய பேன்ட்டுகளுக்கெல்லாம் மடித்துத் தைக்கிறவள் என்பதால் அவர் கால் நீளம் அவளுக்கு மனப்பாடம். சிவப்பில் உட்கார்ந்தால் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாணே இருக்கும். சாம்பலில் நாலு விரற்கடை. இருப்பதிலேயே தாழ்ந்த மஞ்சளில்கூட இரண்டு விரற்கடை. கணக்கு சரியாக வந்த பிறகுதான் நிபந்தனையைச் சொன்னாள். வெளியே பார்த்தால் சம்மதம், உள்ளே பார்த்தால் பூட்டு.

தரை எட்டாத காலைத் தரை எட்ட வைப்பதுதான் தன் புருஷனுடைய தொழில் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

*

அடுத்த வாரம் பியானோ டீச்சர் வந்தாள். வலது கால் குட்டை, பன்னிரண்டு வருஷத்து வாடிக்கை. பழைய செருப்பின் ஓரம் பிரிந்திருந்தது. அவர் பின்பக்கம் சாணையில் நின்றுகொண்டிருந்தார். முகமூடி, காதில் அடைப்பு, உலகமே இடிந்தாலும் தெரியாது.

“அடி மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு புதுசா இருக்கு? தேயவே இல்லையே,” என்றாள் அவள், செருப்பைத் திருப்பிப் பார்த்து.

“பாதி நேரம் கழட்டித்தானே வெச்சிருக்கேன். பியானோ வாசிக்கும்போது போட முடியாது. பெடல் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது.”

“அப்படியா?”

“உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு. நிக்கறதுக்கு இதைவிட நல்ல செருப்பு கெடையாது. நடக்கவும் சரி. ஆனா கால் ஏதாவது வேலை செய்யணும்னா, நடுவுல ஒரு மெத்தையப் போட்ட மாதிரி. காரோட்டும்போதும் கழட்டிடுவேன். ஒருநாள் மறந்துட்டேன். மெதுவாத்தான் அழுத்தறோம்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, எங்க வீட்டு கேட்டுக்கு வயசு ஒரு வாரம்தான். அதுக்குள்ள அது கேட்டா இல்லாமப் போச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாணை நின்றது. டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

இதை அவரிடம் அவள் சொல்லவில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டதற்காக மட்டுமில்லை. தொழிலைப் பற்றிக் குறை சொன்னால் இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்பார்.

*

வண்டிக்கடைக்குப் போன நாள் வெயில் இல்லாத காலை. அவர் முழங்கால் வரைக்கும் வருகிற புது பூட்ஸ் போட்டிருந்தார்.

“இது எப்ப வாங்கினீங்க?”

“பெரிய வண்டி ஓட்ட இதுதான் போடணுமாம். மத்ததெல்லாம் கணுக்கால ஒடச்சிடுமாம்.”

கணுக்கால், உடைப்பு என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடை ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. பளபளக்கிற தரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அவள் நினைத்ததைவிட உயரம். டேங்க் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. எல்லாவற்றிலும் எஞ்சினைச் சுற்றி இரும்புக் குழாய் வளைத்துக் கட்டியிருந்தார்கள்.

“இது எதுக்கு தம்பி?” என்று அங்கே இருந்த பயிற்சிக்காரனைக் கேட்டாள். வண்டி வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறவன். முப்பது வயசு இருக்கும். சட்டைக் காலருக்குக் கீழே தோள் எலும்பில் தையல் போட்ட வடு.

“விழுந்தா எஞ்சின் அடிபடாம இருக்கறதுக்கும்மா.”

“விழுந்தாவா?”

“விழும். இந்த ரக வண்டி நிக்கும், ஓடும், விழும். மூணும் அதோட வேலைதான்.”

“நீங்க விழுந்திருக்கீங்களா?”

“இன்னைக்கா கேக்கறீங்க, இல்ல மொத்தமாவா?”

அவர் பெரிதாகச் சிரித்தார். அவள் அவன் தோள் வடுவைப் பார்த்தாள்.

“சார் உயரத்துக்கு மஞ்சள்தான் சரி,” என்றான் பயிற்சிக்காரன். “குதிகால் படணும்னு அவசியமில்ல சார். முன் பாதம் பட்டாலே போதும். வண்டிய ஒரு பக்கம் சாய்ச்சு ஒரு கால ஊனப் பழகிட்டா—”

“எங்க வீட்டுல குதிகால் படணும்,” என்றார் அவர். “அதான் சட்டம். சாம்பல் வண்டியக் காட்டுங்க. கல்லுல போறதுக்கு அதுதான்.”

“சாம்பல் உயரம் சார்.”

“பாக்கலாம்.”

காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். வண்டி அவர் எடைக்குக் கொஞ்சம் அமுங்கியது. இரண்டு பூட்ஸும் தரையில், குதிகாலோடு, தட்டையாக, ஆணி அடித்த மாதிரி நின்றன.

பயிற்சிக்காரன் குனிந்து பார்த்தான். “பரவாயில்லையே. பார்த்தா தெரியல, சாருக்குக் கால் நீளம்.”

அவர் அவளைப் பார்த்தார். பரீட்சையில் பாஸானவன் முகம். “என்னம்மா, வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னே.”

அவள் கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாமல் நின்றாள். வருஷம் கூடக்கூட மனுஷன் குறுகித்தானே போவான். கால் வளருமா?

ஹெல்மெட் பார்க்கப் போனார்கள். அங்கே ஆளுயரக் கண்ணாடி. அவர் ஒரு ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றிவிட்டு, “உனக்கு எது?” என்று அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியில் இரண்டு முகம். அவர் கண்ணும் அவள் கண்ணும் ஒரே கோட்டில்.

முப்பத்தொரு வருஷம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பார்வை கொஞ்சம் கீழே இறங்கும். நாலு விரற்கடை. கல்யாணப் போட்டோவில்கூட அவரை ஒரு பலகைமேல் ஏற்றித்தான் நிறுத்தினார்கள். இன்றைக்குப் பலகை இல்லை. அவள் கண் மெதுவாகக் கண்ணாடியில் கீழே இறங்கியது. தோள், இடுப்பு, முழங்கால். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பூட்ஸுக்குள் கால் எங்கேயோ மேலே நின்றுகொண்டிருந்தது.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அவள் பல் டாக்டரிடம் போன இரண்டு மத்தியானங்கள். திரும்பி வந்தபோது கடையில் பசை வாசனை. அலமாரியில் குறைந்திருந்த ரப்பர் தகடு. கடைசியாக பியானோ டீச்சரின் குரல். பெடல் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது.

“என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல. ஹெல்மெட் இறுக்கமா இருக்கு.”

“இன்னும் நீ போடவே இல்லையே.”

*

“ஓட்டிப் பாக்காம நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல,” என்றான் பயிற்சிக்காரன். “பின்னால ஆள் உக்காரப் போறாங்கன்னா, ஆளோடத்தான் ஓட்டணும். இருநூத்தம்பது கிலோவுக்கு மேல இன்னொரு ஆள் ஏறினா வண்டியே வேற.”

கடைக்குப் பின்னால் பெரிய மைதானம். முதலில் வட்டமாகத் தார்ப் பாதை. அதிலிருந்து பிரிந்து போகிற சரளைப் பாதை. அது முடிகிற இடத்தில் தரை சட்டென்று இறங்கி, தண்ணீர் வற்றிப்போன ஒரு ஓடைக்குப் போனது. உருண்டைக் கற்கள். சரிவின் விளிம்பில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது.

“கொடி வரைக்கும் போயி நின்னு திரும்பிடுங்க சார். கீழ எறங்க வேண்டாம், அது தனியாப் பழகற எடம்.”

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அந்தப் பையன் முன்னால், “என்னங்க, பூட்ஸைக் கழட்டுங்க” என்றால் போதும். அவன் குனிந்து பார்ப்பான். கால் நீளம் என்று சொன்னவன் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம், இரக்கப்படுவான். ஊரார் காலையெல்லாம் யாருக்கும் தெரியாமல் உயர்த்திக் கொடுத்தவர், தன் காலைக் காட்டிக்கொண்டு நிற்பார். அப்படிச் செய்ய வைத்தது யார்? சாம்பலுக்கு நாலு விரற்கடை என்று கணக்குப் போட்டுப் பூட்டுப் போட்டவள் யார்?

அவள் ஏறினாள். தான் பின்னால் இருந்தால் மெதுவாகப் போவார் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். ஏறி உட்கார்ந்ததும் தரை வெகு தூரத்தில் தெரிந்தது.

“பிடிச்சுக்கிட்டியா?”

“பிடிச்சுக்கிட்டேன்.”

“என் சட்டையப் பிடிக்கறே. இடுப்பப் பிடி.”

தார்ப் பாதை ஒன்றும் செய்யவில்லை. நேர்ப்பாதை, வளைவு, நேர்ப்பாதை. ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் இடது கால் முழுசாகத் தூக்கி இறங்குவதை அவள் பார்த்தாள். லீவருக்குக் கீழே கால் விரல்நுனியை நுழைத்துத் தட்ட வேண்டிய வேலை. இவரோ குழிக்குள் விழுந்த வாளியைக் கரண்டியால் எடுப்பது மாதிரி துழாவினார். மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் கியர் விழுந்தது.

“கியர் கொஞ்சம் புதுசா இருக்கு,” என்றார் தலையைத் திருப்பி.

“முன்னால பாருங்க.”

சரளை வந்தது. வண்டிக்கு அடியில் தரை பேச ஆரம்பித்தது. கரகரவென்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் அவள் பற்களுக்குள் ஏறியது. ஹேண்டில் இடமும் வலமும் சின்னதாக ஆடியது.

“மெதுவா.”

“மெதுவாத்தான் போறேன்.”

கொடி பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் வலது கால் பிரேக்கைத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. பூட்ஸ் பெடலுக்கு மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே. பிறகு அமுக்கினார். மெதுவாகத்தான் அமுக்கியிருப்பார். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே வழுக்கியது. வண்டியின் பின்பாதி அவளோடு சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தது. அவர் பயந்து காலை எடுத்தார். சக்கரம் மறுபடி பிடித்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நிமிர்ந்தது. நிமிர்ந்த இடத்தில் கொடி அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

முன்சக்கரம் கீழ்நோக்கிச் சாய்ந்தது. அவளுடைய எடை முழுதும் அவர் முதுகில் போய் விழுந்தது. கீழே கற்கள். பின்னால் எங்கோ பயிற்சிக்காரன் கூப்பிடுகிற சத்தம்.

அவர் கால் மறுபடி பிரேக்கைத் தேடத் தொடங்கியது.

“கால விடுங்க,” என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளுக்கே தெரியாது. ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்க அவர் காதருகில் சொன்னாள். “கால மறந்துடுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. கையில பிடிங்க. கையால மெதுவா. ஊசியில நூல் கோக்கற மாதிரி மெதுவா.”

அவர் கை கேட்டது. முப்பத்தொரு வருஷம் கத்தி பிடித்த கை, அதற்கு எல்லாம் தெரியும். முன் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப் பிடிக்க, வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்து, பாதிச் சரிவில் ஒரு கல்லில் முட்டி நின்றது.

நின்ற உடனே இடது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் தரை இன்னும் பள்ளம். அவர் காலை நீட்டினார். நாலு விரற்கடை சேர்த்த கால், அதுவும் போதவில்லை. காற்றில் தொங்கியது.

“பிடிக்க முடியல,” என்றார்.

“பிடிக்காதீங்க. விடுங்க.”

“உன் கால் மாட்டிக்கும்.”

“நான் எடுத்துட்டேன். விடுங்க.”

விட்டார். வண்டி அவசரமில்லாமல் படுத்தது. இரும்புக் குழாய் கல்லில் பட்டு ஒரு சத்தம். அவள் மறுபக்கமாக உருண்டு முழங்காலில் விழுந்தாள். அவர் நாலு அடி தள்ளி உட்கார்ந்தபடி கிடந்தார். எஞ்சின் தானாக நின்றது.

அவள் எழுந்து உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“கால விடுன்னு ஏன் சொன்னே?” என்றார் அவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

“ஏன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணாடியில பாத்தேன். உங்களுக்கும் எனக்கும் கண்ணு ஒரே மட்டத்துல இருந்துச்சு.”

அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

“உள்ள ரெண்டு விரக்கடை, வெளிய ரெண்டு.”

“நான் பல் டாக்டர்கிட்ட போனப்பவா?”

“ரெண்டாவது தடவை போனப்ப முடிச்சேன். இன்னொரு பல்லு பிடுங்கியிருந்தா உனக்கும் ஒரு ஜோடி பண்ணியிருப்பேன்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “தெரிஞ்சுமா ஏறினே?”

“மஞ்சள்லகூட ரெண்டு விரக்கடை குறையும்னு தெரிஞ்சுதான் நான் அந்த நிபந்தனையே போட்டேன். நீங்க எந்த வண்டியும் வாங்கக் கூடாதுன்னு. நேரா வேண்டாம்னு சொல்லத் தைரியமில்ல.”

“அப்ப நீயும் உன் சட்டத்தோட உயரத்தக் கூட்டித்தான் வெச்சிருக்கே.”

“நான் எட்டக் கூடாதுன்னு கூட்டினேன். நீங்க எட்டணும்னு கூட்டினீங்க.”

பயிற்சிக்காரன் சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தான். முதலில் அவளைப் பார்த்தான், பிறகு அவரை, கடைசியாக வண்டியை. அந்த வரிசைக்காக அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

“அடியா?”

“முட்டியில சிராய்ப்பு. அவ்வளவுதான் தம்பி.”

“பின் பிரேக் அப்படியே பூட்டிக்கிச்சே சார். பெடல் தெரியலையா?” அவன் பார்வை பூட்ஸில் போய் நின்றது. மண்ணில் தேய்ந்த இடத்தில் தோல் கிழிந்து, உள்ளே ரப்பர் அடுக்கு வரிவரியாகத் தெரிந்தது. “சார், இந்த பூட்ஸ் எங்க வாங்கினீங்க?”

அவர் கிழிந்த தோலைக் கையால் மூடப் பார்த்தார்.

“எங்க கடையில பண்ணினது,” என்றாள் அவள். “இன்னும் வேலை முடியல. நான்தான் அவசரப்படுத்தினேன்.”

பயிற்சிக்காரன் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கேள்வியை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

“சரி, தூக்கலாம். கையால இல்ல. வண்டிக்கு முதுகக் காட்டி உக்காருங்க. பின்பக்கத்தால தள்ளிக்கிட்டே எழுந்திருக்கணும். அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க.”

“நானும் தள்ளறேன்,” என்றாள். மூன்று பேரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்கள். கனம் முதுகெலும்பில் ஏறியது. காகிதத்தில் அவள் கண் தாண்டிப் போன வரி இதுதான், இப்போது அதை உடம்பு வாசித்தது.

*

வீட்டுக்கு வந்து அவர் பூட்ஸை அவள் மேசைமேல் வைத்தார். அடிப்பாகத்தில் அவள் கை வைத்ததே இல்லை. அன்றைக்கு அவர் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“நீயே வெட்டு. நான் வெட்டினா அரை விரக்கடை விட்டு வெச்சிடுவேன்.”

ஒட்டின ஒட்டு லேசில் பிரியவில்லை. அவர் வேலை அப்படி. வெட்டிக்கொண்டே பியானோ டீச்சர் சொன்னதைச் சொன்னாள்.

“பன்னெண்டு வருஷமாவா கழட்டி வெக்கறாங்க?”

“நிக்கறதுக்கு இதைவிட நல்ல செருப்பு இல்லன்னு சொன்னாங்க.”

“நிக்கறத மட்டும்தான் நான் பாத்திருக்கேன்,” என்றார். அதற்கப்புறம் கடைக்கு யார் வந்தாலும், இந்தக் காலால் என்னென்ன வேலை செய்வீர்கள் என்று முதலில் கேட்க ஆரம்பித்தார்.

வெட்டி எடுத்த ரப்பர் தகட்டில் ஒன்றை அவள் தூக்கிப் போடவில்லை. பெரிய வண்டியை மண்ணில் நிறுத்தினால் ஸ்டாண்டு உள்ளே புதைந்து வண்டி சாயும், அடியில் ஒரு கட்டை வைக்க வேண்டும் என்று பயிற்சிக்காரன் சொல்லியிருந்தான். தகட்டில் ஒரு துளை போட்டு, மெழுகு நூலை முறுக்கிக் கட்டினாள். நூலின் மறுமுனையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டால் குனியாமலே மேலே இழுத்துக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே மைதானம், இந்தத் தடவை மஞ்சள் வண்டி. சாதாரண பூட்ஸ். அவர் ஏறி உட்கார்ந்ததும் அவள் தரையோடு தரையாகக் குந்தி, குதிகாலுக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. அந்த இடைவெளியில் காற்று ஜில்லென்று இருந்தது.

“சட்டப்படி இது பெயில்,” என்றார் மேலேயிருந்து.

“சட்டத்த மாத்திட்டேன்.”

“என்ன சட்டம்?”

“பள்ளம் வந்தா நான் எறங்கிடுவேன். நீங்க தனியா எறக்கி, கீழ நிறுத்துங்க. நான் நடந்து வந்து ஏறிக்கறேன். எத்தனை பள்ளம் வந்தாலும்.”

“நாப்பது கிலோமீட்டர்ல எத்தனை பள்ளம் இருக்கும்னு தெரியுமா? பாதி வழி நீ நடந்துதான் வரணும்.”

“எனக்கு என்ன, என் காலுக்குத் தரை தெரியும்.”

கொடி வரைக்கும் இரண்டு பேரும் போனார்கள். பிரேக் பிடித்தது. அவள் இறங்கினாள். அவர் சரிவின் விளிம்பில் ஒரு கணம் நின்றார், ஒரு பாதத்தின் முன்பாதி மட்டும் தரையில். பிறகு கால் வைக்கிற கட்டைகளில் எழுந்து நின்றபடி வண்டியைச் சரிவில் இறக்கினார். சரளை உருண்டது. பின்சக்கரம் ஒரு தடவை விலகியது, அவள் கை காற்றைப் பிடித்தது. மறுபடி நேரானது. ஒவ்வொரு கல்லையும் அவள் தன் கால் எலும்பில் எண்ணினாள். பயம் போகும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. அவ்வளவும் அப்படியே இருந்தது.

ஓடையில் வண்டி நின்றது. ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலை ஊன்றி, நூலை அவிழ்த்துத் தகட்டைக் கீழே விட்டார். ஸ்டாண்டு அதன்மேல் உட்கார்ந்தது. புதையவில்லை.

அவள் இறங்கி நடந்தாள். போய்ச் சேர நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார்.

“ரொம்பப் பயந்துட்டியா?”

“பயப்படறத நான் பாத்துக்கறேன்,” என்றாள், அவர் தோளைப் பிடித்துக் காலைத் தூக்கி மறுபக்கம் போட்டபடி. “நீங்க கல்லப் பாருங்க.”

அவர் நூலை இழுத்துத் தகட்டை மேலே எடுத்தார். அவள் இந்தத் தடவை சட்டையைப் பிடிக்கவில்லை, இடுப்பைப் பிடித்தாள்.